பங்காளி எண்ணிய காலடி

என் வலது மணிக்கட்டில் ஓர் உளவாளியைக் கட்டிவிட்டுப் போனான் என் மகன் விஸ்வா. கறுப்பு ரப்பர் பட்டை, நடுவில் கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ஒரு கண்ணாடி. நான் எத்தனை அடி நடந்தேன், எவ்வளவு நேரம் தூங்கினேன், நாடி எத்தனை முறை துடித்தது என்று எல்லாவற்றையும் சென்னையில் இருக்கும் அவன் செல்போனுக்கு அது கோள் சொல்லிவிடும். இடது கையில் என் பழைய சாவிக் கடிகாரம் குடியிருப்பதால் இதற்கு வலது கையை ஒதுக்கினேன். முப்பத்தைந்து வருடம் பிர்கா சர்வேயராக இருந்து, பாபநாசத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவே உள்ள ஒவ்வொரு வயலையும், வயலில் இருக்கும் நண்டு வளை உட்பட, சங்கிலி போட்டு அளந்தவன் நான். என்னை அளக்க ஒரு ரப்பர் பட்டை வந்துவிட்டது.

காரணம் சின்னது. கார்த்திகை மாதம் ரேஷன் கடை வாசலில் மயங்கி விழுந்தேன். விழுந்தேன் என்பதுகூட அதிகம். கொஞ்சம் வேகமாக உட்கார்ந்தேன், அவ்வளவுதான். தஞ்சாவூரில் ஒரு டாக்டர் என் இதயக் குழாய்க்குள் கம்பிச் சுருள் ஒன்றைச் செருகினார். இனிமேல் தினம் நடக்காவிட்டால் தன்னிடம் வரவேண்டியதே இல்லை, நேரே மேலே போய்விடலாம் என்றார். விஸ்வா அதைப் பிடித்துக்கொண்டான்.

"பங்குனி பொறக்கற வரைக்கும் பாப்பேன்பா. ஒரு நாளைக்கு ஆறாயிரம் அடி வரணும். வரலைன்னா வீட்டைப் பூட்டிட்டு நீங்களும் அம்மாவும் என்னோட கிளம்பிடணும்."

அவன் இருப்பது பதினோராவது மாடி. டெல்டாவில் பிறந்தவன் வாழ்நாளில் ஏறும் அதிகபட்ச உயரம் வைக்கோல் போர். அந்த மாடியில் ஒரு முறை நின்று கீழே பார்த்தேன். மனிதர்கள் எல்லாம் நாற்று முடி மாதிரி தெரிந்தார்கள். அங்கே என்னைக் கொண்டுபோய் வைத்தால் ஒரு வாரத்தில் நான் செத்துப்போவேன், இரண்டாவது வாரம் அக்கம்பக்கத்தாருக்குத் தெரியவரும்.

இதில் இன்னொரு எரிச்சல். நான் விழுந்த நாலாவது நிமிடம் விஸ்வாவுக்குப் போன் போட்டது யார் தெரியுமா? பஞ்சநதம். என் சித்தப்பா மகன், என்னைவிட எட்டு மாதம் சின்னவன். எங்கள் தாத்தா கட்டிய ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டு ஆளுக்குப் பாதியில் இருக்கிறோம். அந்தப் பொதுச்சுவர் செங்கல்லால் கட்டியது அல்ல, அவன் காதுகளால் கட்டியது. நான் இங்கே கொட்டாவி விட்டால் அவன் அங்கே கோபத்தில் இருமுவான்.

பத்தொன்பது வருடமாக எங்களுக்குள் பேச்சு கிடையாது. நான் வேலையில் இருந்தபோது கோயில் நிலத்துக்கும் அவன் வயலுக்கும் எல்லைத் தகராறு வந்தது. அளக்க வந்த சர்வேயர் நான்தான். அளந்தேன். அவன் வரப்பு கோயில் நிலத்துக்குள் ஒன்றரை அடி நுழைந்திருந்தது. உள்ளதை எழுதினேன். எழுதும்போது கொஞ்சம் சிரித்தேன் என்பதையும் மறைக்கவில்லை. அன்றைக்கு மூடிய வாய். எங்கள் பக்கத்தில் பங்காளிகள் பேச்சை நிறுத்தினால், முதலில் வாய் திறப்பவன் தோற்றவன். மகன் கல்யாணமோ தகப்பன் காரியமோ, எதுவாக இருந்தாலும் நடுவில் மூன்றாவது ஆள் ஒருவரை வைத்துத்தான் பேசவேண்டும்.

நான் சென்னைக்குப் போய்விட்டால் என் பாதி வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தன் சித்தப்பா பஞ்சநதத்திடம் விடப்போவதாக விஸ்வா சொல்லியிருந்தான். பஞ்சநதம் என் கூடத்தை அப்போதே கண்ணால் அளந்துவிட்டான். சாவி கைக்கு வந்த மறுநாள் சுவரை இடிப்பான், அதற்கு மறுநாள் அங்கே கட்டில் போட்டுக் குறட்டை விடுவான்.

ஆகவே நடந்தே தீரவேண்டும். ஆனால் எங்கே? விடியற்காலை எங்கள் தெருவில் பஞ்சநதம் நடக்கிறான். அவன் கையிலும் ஒரு பட்டை, மகள் வாங்கிக் கொடுத்தது. அவன் நடக்கும் நேரத்தில் நான் அந்தத் தெருவில் கால் வைக்கக் கூடாது, அது எழுதாத சட்டம். அவன் நடந்து முடிப்பதற்குள் வெயில் ஏறி மண்டையைப் பிளக்கும். அதனால் வீட்டுக்குள்ளேயே நடக்க ஒரு மிஷின் வாங்குவது என்று முடிவு செய்து தஞ்சாவூர் பஸ் ஏறினேன். அய்யம்பேட்டை தாண்டும்போது திரும்பிப் பார்க்கிறேன், கடைசி சீட்டில் பஞ்சநதம்.

மருத்துவக் கல்லூரி சாலையில் உடற்பயிற்சி சாமான் கடை. முதலாளி நெடுஞ்செழியன், ஐம்பது வயது, உலகத்தின் மேலேயே நம்பிக்கை இழந்த முகம். உள்ளே இரும்பு மிருகங்கள் வரிசையாக நின்றன. மிதித்துக்கொண்டே இருந்தாலும் எங்கேயும் போகாத சைக்கிள். கையும் காலும் ஒரே நேரத்தில் சண்டை போடும் ஒரு யந்திரம். உட்கார்ந்துகொண்டு துடுப்பு வலிக்கும் மிஷின் ஒன்று. குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் வரும்போது இதை எடுத்துக்கொள்கிறேன் என்றேன், அவர் சிரிக்கவில்லை. கையில் கட்டும் பட்டைகளும் கண்ணாடிப் பெட்டிக்குள் முப்பது நாற்பது கிடந்தன. ஒன்று ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று சொல்லுமாம், இன்னொன்று மன உளைச்சலை அளக்குமாம். பின்னால் பஞ்சநதம் நிற்கும்போது அதைக் கட்டிப் பார்த்தேன். கண்ணாடி பாதியில் அணைந்துவிட்டது.

கடைசியில் ட்ரெட்மில் பக்கம் வந்தேன். என் பையிலிருந்து டேப்பை எடுத்து ஓடும் பட்டையின் நீளத்தை அளக்க ஆரம்பித்தேன். என் காலடி துல்லியமாக இரண்டரை அடி. அதற்குக் குறைந்த பட்டையில் நான் ஏறுவதில்லை. குனிந்து அளந்துகொண்டிருக்கும்போது தலைக்கு மேலே குரல் கேட்டது.

"தம்பி, இருக்கறதுலயே பெரிய மிஷின் இதுதானே? இதை எனக்கு எடுத்து வைங்க. குனிஞ்சு கிடக்கறாரே ஒருத்தர், அவர் உடம்புக்கு இது தாங்காது. அவருக்கு ஒரு நடைவண்டி இருந்தா காட்டுங்க."

நான் நிமிர்ந்து நெடுஞ்செழியனிடம் சொன்னேன். "இதுல எத்தனை கிலோ ஏறலாம்னு அவருக்குச் சொல்லுங்க தம்பி. தொப்பையைச் சேர்த்து ஏத்தறதா, அதைத் தனியா இன்னொரு தடவை ஏத்தறதான்னும் கேட்டுக்கச் சொல்லுங்க."

"ஊரையெல்லாம் அளந்தவருக்கு ரேஷன் கடைப் படி எத்தனைன்னு தெரியாம விழுந்துட்டாராமே, உண்மையான்னு கேளுங்க தம்பி."

"கோயில் சொத்துல ஒன்றரை அடி முழுங்கினவங்களுக்கு ஜீரணத்துக்கு மிஷின் இருக்கான்னு நீங்க பாருங்க."

நெடுஞ்செழியன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே பஸ்ல வந்து ஒண்ணாத்தானே இறங்கினீங்க? நீங்களே நேரா பேசிக்கக் கூடாதா? எனக்கு வேற வேலை இருக்கு."

கூடாது என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். பத்தொன்பது வருடத்தில் நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அவன் அந்த மிஷினின் கைப்பிடியைத் தடவினான். பட்டையை அழுத்திப் பார்த்தான். மகளுக்குப் போன் செய்து இதையே முடித்துவிடுவதாகச் சொன்னான். எனக்கு ரத்தம் கொதித்தது. சைக்கிள் போதும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன், முழங்காலுக்கும் அதுதான் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் பஞ்சநதம் கை வைத்த மிஷின் பஞ்சநதம் வீட்டுக்குப் போவதா? அவன் வாயை மூடுவதற்குள் என் பெயரில் பில் போடச் சொல்லிவிட்டேன். அவன் முகம் வாடியதைப் பார்க்கவேண்டுமே. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பாபநாசம் வரை பல்லைக் காட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாளே மிஷின் வந்து இறங்கியது. யானையைக் கூடத்தில் கட்டியதுபோல நின்றது. என் மனைவி ஞானம் அதைச் சுற்றி வந்து, இது போடுகிற சத்தத்தில் பக்கத்துப் பாதி இடிந்து விழுந்தால் நல்லதுதான் என்றாள். அவள் என் கட்சி. பதினோராவது மாடியில் கோலம் போட வாசல் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

தினம் முக்கால் மணி நேரம் நடந்தேன். காலுக்கடியில் தரை தானாக ஓடுகிறது, கை தானாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறது. வியர்வையில் கூடம் முழுக்கத் தண்ணீர் நின்றது, அதில் விரால் விட்டிருக்கலாம். பட்டையைப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு அடி. மறுநாள் நூற்றுத் தொண்ணூறு. பத்து நாள் இப்படியே. கணுக்காலில் கட்டிப் பார்த்தேன், மாத்திரை தின்று வீங்கிய காலைச் சுற்றிப் பட்டை எட்டவில்லை. விஸ்வா தினம் போன் செய்து, அம்மா, சாமான்களைக் கட்ட ஆரம்பிச்சிட்டீங்களா என்று கேட்கத் தொடங்கினான்.

நெடுஞ்செழியனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார். "கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு நடந்தா பட்டைக்கு நீங்க நடக்கறதே தெரியாது சார். கை ஆடினாத்தான் எண்ணும். நீங்க டேப்போட குனிஞ்சிருந்தப்பவே உங்க கூட வந்தவர்கிட்ட இதைச் சொன்னேனே. நீங்க போனப்புறம் அவர் திரும்பி வந்து டீ குடிச்சிட்டு ரொம்ப நேரம் சிரிச்சிட்டுப் போனார்."

என் கூட வந்தவர்!

அவனுக்கு அந்த மிஷின் வேண்டவே வேண்டாம். அவன் கைப்பிடியைத் தடவியதெல்லாம் என்னை வாங்கவைக்கத்தான். கைப்பிடியை விட்டுவிட்டு நடந்து பார்த்தேன். மூன்றாவது நிமிடம் மிஷின் என்னைப் பின்னால் தூக்கிப் போட்டது. நெல் மூட்டைகள் அடுக்கியிருந்ததால் பிழைத்தேன், இல்லையென்றால் கொல்லைப்புறம் தாண்டி வாய்க்காலில் போய் விழுந்திருப்பேன். இனி ஏறவிடுவதில்லை என்று ஞானம், செருகினால்தான் மிஷின் ஓடும் சிவப்புச் சாவிக் கயிற்றை மாங்கல்யம் மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வானொலியில் ஒரு பாட்டுக் கச்சேரி. எனக்கு வாய்ப்பாட்டு வராது, ஆனால் தாளம் தப்பாது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு வலது கையால் தொடையில் ஆதி தாளம் போட்டபடி கேட்டேன். நல்ல கச்சேரி. தனி ஆவர்த்தனம் முடிந்து கண்ணைத் திறந்தால் பட்டை பளிச்சென்று மின்னுகிறது, நடுவில் ஒரு சின்னக் கொடி பறக்கிறது. நாலாயிரத்து எண்ணூறு அடி. தனிக்கு மட்டும் இரண்டாயிரத்து நூறு.

உலகத்தில் எத்தனையோ ஊர்க்காரர்கள் இந்தப் பட்டையைக் கட்டியிருப்பார்கள். உட்கார்ந்த இடத்தில் மைல் கணக்கில் நடக்கத் தெரிந்தவன் தஞ்சாவூர் ஜில்லாக்காரன் ஒருவன்தான். மறுநாள் முதல் காலையில் ஒரு கச்சேரி, மாலையில் ஒரு கச்சேரி. விளம்ப காலம் என்றால் மூவாயிரம், கொஞ்சம் துரிதமாகப் பாடினால் ஆறாயிரம். பல்லவி பாடிய நாளில் பதினாலாயிரம் வந்தது, வலங்கைமான் வரை நடந்து திரும்பியதாக அர்த்தம். விஸ்வா கட்டைவிரல் படம் அனுப்பினான். இருபது நாளில் என் சராசரி பழைய குறைவையெல்லாம் ஈடுகட்டிக்கொண்டு மேலே ஏறியது.

பொதுச்சுவருக்கும் பதில் சொல்லவேண்டுமே. ஞானத்திடமிருந்து சாவிக் கயிற்றை வாங்கி, கச்சேரி நேரத்தில் மிஷினை வெறுமனே ஓடவிட்டேன். பஞ்சநதம் அந்தப் பக்கம் காது வைத்துக் கேட்டு வயிறெரியட்டும்.

அவன் காது வைத்துத்தான் கேட்டிருக்கிறான். ஆனால் பாவி, அவனுக்கும் ஞானம் உண்டு. அதாவது, சங்கீத ஞானம்.

மாசி நடுவில் ஒரு சனிக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் விஸ்வா வந்து நின்றான். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் காபி டம்ளரை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் கண்ட சாபு தாளம் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்பா," என்றான், "மிஷின் நடக்குது. நீங்க உக்காந்திருக்கீங்க."

இடைவேளை என்றேன். அவன் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். பத்தாயிரம் அடி நடந்த நாளிலும் நாடி அறுபத்தெட்டைத் தாண்டவில்லை, இமயமலைச் சாமியாருக்குக்கூட இது முடியாது என்றான். அதற்கு மேல் சித்தப்பா போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாராம், ஆள் ஏறினால் மிஷின் தொம் தொம் என்று அதிரும், இது வெறும் காற்றில் ஓடுகிறது, கூடவே தொடையில் தாளம் கேட்கிறது, அதிலும் நேற்று இரண்டு இடத்தில் தாளம் பிசகியது என்று.

பொய் சொன்னது பிடிபட்டதைக்கூட மன்னிப்பேன். தாளம் பிசகியது என்றானே, அதை எப்படி மன்னிப்பது?

விஸ்வா பரண் மேலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னான். நான் மறுத்தேன். அவன் கத்தினான். டாக்டர் சொன்னது விளையாட்டா, உங்களுக்கு ஏதாவது ஆனால் ராத்திரியில் அம்மா தனியாக யாரைக் கூப்பிடுவாள் என்று கேட்டபோது அவன் குரல் கொஞ்சம் உடைந்தது. அதைக் கேட்டு நானும் கொஞ்சம் அடங்கினேன், கொஞ்சம்தான். ஞானம் நடுவில் வந்தாள்.

"பங்குனிக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. பன்னெண்டு நாள் நெசமாவே நடக்கட்டும். ஒரு நாள் ஒரு அடி குறைஞ்சாலும் பெட்டியை நானே கட்டித் தர்றேன்."

"எண்ணறது யாரு?" என்றான் விஸ்வா. "பட்டையை நம்பறதா இல்ல. உங்களையும் நம்ப மாட்டேன்மா, நீங்க அவர் கட்சி."

அப்போது சுவர் பேசியது.

"விஸ்வா, நான் எண்ணறேன்னு சொல்லு. நிலத்தை அவர் அளந்தாரு. காலடியை நான் அளக்கறேன். ஒரு விரக்கடை கூட்டிச் சொல்ல மாட்டேன்."

விஸ்வா என்னைப் பார்த்தான். எனக்குச் சாதகமாக ஒரே ஓர் அடிகூடக் கூட்டிச் சொல்லாத ஆள் இந்தப் பூமியில் உண்டென்றால் அது பஞ்சநதம்தான். அவனைவிட நம்பகமான பட்டை எந்தக் கடையிலும் கிடையாது. சரி என்று சொல்லச் சொன்னேன், விஸ்வா சுவரிடம் சொன்னான். பஞ்சநதம் தினமும் கணக்கைக் குரல் பதிவாக அனுப்பவேண்டும், அவன் சொல்வதே முடிவு என்று ஏற்பாடு.

இரண்டு நாளில் வழிமுறை படிந்துவிட்டது. எங்கள் வாசலிலிருந்து வயல்களுக்கு நடுவே போகும் சாலையில் ஒரு மதகு இருக்கிறது. அது சரியாக ஆயிரத்து ஐநூறு அடி. போய் வந்து, மறுபடி போய் வந்தால் ஆறாயிரம். நான் முன்னால், அவன் பத்தடி பின்னால், உரக்க எண்ணிக்கொண்டு. எண் சொல்வது பேச்சில் சேராது என்று அவனாகவே தீர்மானித்திருந்தான். நானும் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபித்தால் அது பேச்சாகிவிடும்.

அவன் எண்ணிய லட்சணத்தைச் சொல்கிறேன். சாணியைத் தாண்டிக் கால் வைத்தால் அந்த அடி செல்லாது, அதே எண்ணை மறுபடி சொல்வான். லாரிக்கு ஒதுங்கி ஓரமாக வைத்தாலும் செல்லாது. இரண்டாவது நாள் இரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கு அப்புறம் இரண்டாயிரத்து முந்நூறு என்றான். நான் சர்வேயர் இல்லையா? மறுநாள் சட்டைப் பையில் அறுபது புளியங்கொட்டை போட்டுக்கொண்டேன். நூறு அடிக்கு ஒன்று இடது பையிலிருந்து வலது பைக்கு மாறும். அவன் நூறை விழுங்கினால் நடுரோட்டில் நின்றுவிடுவேன். அவன் சரியான எண்ணைக் கக்கும் வரை நகரமாட்டேன். ஒரு தடவை பதினைந்து நிமிடம் நின்றோம். பின்னால் நெல் ஏற்றிய டிராக்டர்கள் வலங்கைமான் வரை வரிசை கட்டிவிட்டன.

மதகை ஒட்டிய எட்டு மா வயல் ராமாயியினுடையது. அறுவடை மிஷினுக்குப் பக்கத்தில் நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்தவர், நாலாவது நாள் கேட்டே விட்டார்.

"என்னங்க, ரெண்டு பேரும் ரோட்டை ஏலம் விடறீங்களா? யாரு கேக்கறாங்க, யாரு எடுக்கறாங்க, ஒண்ணும் புரியலையே."

பஞ்சநதத்தால் பதில் சொல்ல முடியவில்லை, சொன்னால் எண் விட்டுப்போகும். நான் கும்பிட்டுவிட்டு நடந்தேன்.

எட்டாவது நாள் ஒரு விஷயம் தெரிந்தது. என் ஆறாயிரத்தை எண்ணவேண்டுமென்றால் அவனும் ஆறாயிரம் நடந்தாகவேண்டும். அவன் தன் பங்குக்கு விடியற்காலையில் நடப்பது வேறு. எனக்கு மூச்சு திறந்துகொண்டது, சட்டை தொளதொளத்தது. அவன் எண்களுக்கு நடுவே மூச்சிரைத்தது. "நாலாயிரத்து... முப்பத்து... ரெண்டு" என்று ஓர் எண்ணை மூன்று தவணையாகக் கொடுத்தான். நான் நடையைக் கூட்டினேன். அவன் இடது முழங்கால் வீங்கிப் பூசணிக்காய் ஆனது. ஞானத்திடம், பக்கத்து வீட்டில் தைலம் வாசனை வருகிறது என்று உரக்கச் சொன்னேன், சுவருக்குக் கேட்கும்படி.

பன்னிரண்டாவது நாள். மாசி கடைசி. நாலாயிரத்து ஐநூறு அடியில் மதகை அடைந்தபோது பஞ்சநதம் மதகின் ஓரக் கட்டையில் உட்கார்ந்துவிட்டான். துண்டால் முகத்தைத் துடைத்தான். எழுந்திருக்கவில்லை.

எண்ணுகிறவன் உட்கார்ந்தால் கணக்கு நின்றுபோகும். கணக்கு நின்றால் நாளைக்குக் காலை ரயில், பதினோராவது மாடி, இவன் என் கூடத்தில் கட்டில். எழுந்து வா என்று சொல்ல வாய் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவன் துண்டை வீசி எதிரே இருக்கும் சாலையைக் காட்டினான். இங்கேயே நட, பார்க்கிறேன் என்று அர்த்தம். எங்கள் ஊரில் மேடும் பள்ளமும் கிடையாது, உட்கார்ந்த இடத்திலிருந்து அடுத்த ஊர் கோபுரம் தெரியும். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஐம்பது அடி போவது, ஐம்பது அடி வருவது. முப்பது நடை. கடைசி அடி சரியாக அவன் காலடியில் முடியும்.

நடந்தேன். அவன் எண்ணினான். ராமாயி மிஷினை நிறுத்திவிட்டு வரப்பில் நின்று பார்த்தார். ஐயாயிரம். புளியங்கொட்டை இடம் மாறியது. ஐயாயிரத்து ஐநூறு. வெயில் முதுகில் ஏறியது. கடைசி ஐம்பதில் அவனை நோக்கி வந்தேன். அவன் கண் என் காலை விட்டு அசையவில்லை.

"ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு. ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது."

வாயை மூடிக்கொண்டான்.

நான் அடுத்த அடியை வைத்தேன். சத்தம் இல்லை. இன்னோர் அடி. இல்லை. அவன் அறுவடை மிஷினை ரொம்ப நாளாகப் பார்க்காதவன் மாதிரி பார்த்தான். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் வாயால் வராத அடி, அடியே இல்லை. அவன் காத்திருப்பது என் வாய்க்கு. "சொல்லுடா" என்று நான் கேட்கவேண்டும். கேட்டால் வீடு எனக்கு, பத்தொன்பது வருடம் அவனுக்கு. கேட்காவிட்டால் பத்தொன்பது வருடம் எனக்கு, வீடு அவனுக்கு. எப்படிப் புரட்டினாலும் அவனுக்கு ஒன்று போய்ச் சேரும்படி அளந்து கல் நட்டிருந்தான். நானே இவ்வளவு நேர்த்தியாக ஓர் எல்லை போட்டதில்லை.

இரண்டடி பின்னால் போனேன். மறுபடி முன்னால் வந்தேன். இரண்டாவது அடியை அவனுடைய வலது பாதத்தின் மேல் வைத்தேன். நல்ல கால்தான், வீங்காத கால். என் எடை எழுபத்தெட்டு கிலோ, அத்தனையும் அந்தப் பெருவிரலில் இறக்கினேன். எடுக்கவில்லை.

அவன் முகம் செந்தாமரை ஆனது. கண்ணில் தண்ணீர் கட்டியது. வாய் திறந்தது, ஒரு பரம்பரையையே இழுத்துத் திட்டும் வசவு தொண்டை வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன். ஆனால் வசவு என்றால் அது என்னிடம் பேசியதாகும். முதலில் பேசியவன் அவன் என்றாகும். பத்தொன்பது வருடமும் தலைகீழாகும். பேச்சில் சேராதது எண் ஒன்றுதான். அவன் வாயில் மிச்சமிருந்த எண்ணும் ஒன்றே ஒன்றுதான்.

"ஆறாயிரம்," என்றான், பல்லுக்கு நடுவே.

காலை எடுத்தேன்.

ராமாயி வரப்பிலிருந்து, யாருக்குங்க போச்சு ஏலம் என்று கேட்டார். பஞ்சநதம் செல்போனை வாயருகே வைத்துக்கொண்டு விஸ்வாவுக்குக் குரல் பதிவு அனுப்பினான். எனக்கும் கேட்கட்டும் என்றே உரக்கப் பேசினான்.

"விஸ்வா, சித்தப்பா பேசறேன். இன்னிக்கு ஆறாயிரம். கடைசி அடி சாலையில விழல, என் கால் மேல விழுந்துது. சர்வே சட்டப்படி அது செல்லுமா செல்லாதான்னு உங்கப்பாவையே கேட்டுச் சொல்லு."

ஒரு நிமிடம் கழித்துப் பதில் வந்தது. அதையும் அவன் எனக்குக் கேட்கும்படிதான் போட்டான். விஸ்வாவின் குரலில் எரிச்சல் இருந்தது.

"செல்லும் சித்தப்பா. அப்பா அங்கேயே இருக்கட்டும். தயவுசெஞ்சு ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய்ச் சேருங்க."

புளியங்கொட்டைகளை மதகிலிருந்து வாய்க்காலில் வீசிவிட்டுத் திரும்பினேன். அவன் கட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். ஒரு கால் முழங்காலில் போச்சு, இன்னொரு கால் விரலில் போச்சு, எந்தக் காலை நொண்டுவது என்று தெரியாமல் இரண்டையும் நொண்டிக்கொண்டு பின்னால் வந்தான்.

நான் நடையைக் கூட்டினேன்.